பலகைக்கு முன் பூட்ஸ்

முதல் ஸ்னோபோர்டு வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது பலகைதான். கடைச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். அடிப்புறத்தில் ஓநாய், எரிமலை, மண்டையோடு என்று படங்கள். காலைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் பக்கத்து அலமாரியில் இருக்கும். பூட்ஸ் கடையின் பின்பகுதியில், அட்டைப் பெட்டிகளுக்குள் கிடக்கும். வாங்குகிறவரின் யோசனையும் அதே வரிசையில்தான் போகிறது. கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு பலகைக்கு, மிச்சத்தில் பைண்டிங், கடைசியில் எஞ்சியதற்குக் கிடைக்கிற பூட்ஸ். குளிர்காலத்தில் ஐந்தாறு நாள் மட்டும் மலைக்குப் போய்வருகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது.

ஸ்னோபோர்டின் வரலாற்றிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. 1965 கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீக்களை ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அது 'ஸ்னர்ஃபர்' என்ற பெயரில் விளையாட்டுச் சாமானாகக் கடைக்கு வந்தது. அதில் காலைப் பூட்ட ஏதும் இல்லை. முனையில் ஒரு கயிறு மட்டும் உண்டு. அதைப் பிடித்தபடி நின்று வழுக்க வேண்டும். விழுந்தால் ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். ஸ்னர்ஃபரில் விளையாடி வளர்ந்த ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். காலைப் பலகையோடு பிணைக்கும் வார்களை அதில் சேர்த்தார். கால் பூட்டப்பட்ட பிறகுதான் உடம்பின் சாய்வு பலகையின் விளிம்புவரை போய்ச் சேர்ந்தது. நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பவும் நிற்கவும் கற்றுக்கொண்டார்கள். 1983இல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை ஸ்னோபோர்டுக்காரர்களை லிஃப்டில் ஏற்றத் தொடங்கியது. 1998இல் ஜப்பானின் நகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஸ்னோபோர்டு பதக்கப் போட்டியானது. இந்த விளையாட்டை விளையாட்டாக்கியது, காலுக்கும் பலகைக்கும் ஏற்பட்ட அந்தப் பிணைப்புதான்.

பலகைக்கு இரண்டு எஃகு விளிம்புகள். ஒன்று விரல் பக்கம், மற்றது குதிகால் பக்கம். கெண்டைக்கால் பின்னால் சாயும்போது பூட்ஸ் பைண்டிங்கின் முதுகுப்பட்டையை அழுத்துகிறது. குதிகால் விளிம்பு பனியைக் கடிக்கிறது. முழங்கால் மடிந்து முன்னங்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்தினால் விரல் விளிம்பு கடிக்கிறது. திரும்புவது, வேகம் குறைப்பது, நிற்பது எல்லாமே இந்த இரண்டு அசைவுகளில் அடக்கம். பூட்ஸுக்குள் குதிகால் ஒரு சென்டிமீட்டர் மேலெழும்பினால், அந்த இடைவெளி மூடும்வரை பலகைக்குச் செய்தியே போகாது. கிணற்றுக் கயிறு தொய்ந்திருந்தால் இழுத்த கைக்கும் வாளிக்கும் சம்பந்தமில்லாமல் போகிறதே, அதே கதைதான். புதிதாகப் பழகுகிறவர் பலகை தன் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். பல சமயம் குற்றவாளி, வாடகைக்கு எடுத்த, நூறு கால்கள் நுழைந்து தளர்ந்துபோன பூட்ஸாக இருக்கும்.

ஆகவே பூட்ஸை முதலில் பார்ப்போம். இதன் அளவு 'மாண்டோ' என்ற கணக்கில் போகிறது. பாதத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் எண். சுவரோரம் ஒரு தாளை விரித்து, குதிகால் சுவரில் படும்படி நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்தால் போதும். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒரு கால் சற்று நீளம். 27 சென்டிமீட்டர் வந்தால் மாண்டோ 27, அதாவது அமெரிக்க ஆண்கள் அளவில் 9. அதே ஆள் தினமும் போடும் ஷூவில் 10 போட்டுக்கொண்டிருக்கலாம். அந்த 10ஐ நம்பிப் பூட்ஸ் வாங்குவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தெருவில் நடக்கும் ஷூவுக்குள் விரல்கள் உலாவ இடம் வேண்டும். ஸ்னோபோர்டு பூட்ஸில் அந்த இடம் வீண்.

போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். குளிருக்கு இரண்டு காலுறை போட்டால், உள்ளே மடிப்பு விழுந்து ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முதலில் உள் உறையின் கயிற்றை இறுக்கி, பிறகுதான் வெளிக் கட்டைப் போட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனிகள் முன்புறத்தைத் தொட வேண்டும், மடங்கக் கூடாது; முழங்காலை மடக்கியதும் விரல்கள் லேசாகப் பின்வாங்க வேண்டும். குதிகாலைத் தூக்க முயன்றால் அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இப்படி இருபது நிமிடம் கடைக்குள்ளேயே நிற்கவும் நடக்கவும் வேண்டியதுதான். விற்பனையாளர் பொறுமையிழந்தால் பரவாயில்லை. முதல் ஐந்து நிமிடம் எல்லாப் பூட்ஸும் நன்றாகத்தான் இருக்கும்; கணுக்காலின் பக்க எலும்பில் குத்தும் இடமும் பாதத்தின் மேற்புறம் அழுத்தும் இடமும் அதற்குப் பிறகே தெரியவரும். புதிய உள் உறை சில நாள் பயன்பாட்டில் அமுங்கி இடம் கொடுக்கும் என்பதால், கடையில் 'சரியாக, வசதியாக' இருப்பது பிப்ரவரிக்குள் தொளதொளத்துவிடும். கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே சரி. பல பூட்ஸ்களின் உள் உறையைக் கடையிலேயே சூடேற்றிக் காலின் வடிவத்துக்கு அமைத்துத் தருகிறார்கள்; அந்த வசதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களின் பாதம் முன்புறத்தில் அகன்றிருக்கும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ குளிர்நாட்டுக்குப் போனவர்கள் பலருக்கு இது பொருந்தும். இவர்கள் நீளம் கூடிய பூட்ஸை வாங்கி அகலத்தை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். விளைவு, முன்னால் இறுக்கம், பின்னால் குதிகால் ஆட்டம். அகலப் பாதத்துக்கென்றே 'வைடு' என்று தனி வார்ப்பில் பூட்ஸ் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதைக் கேட்க வேண்டும்.

கட்டும் முறை மூன்று வகை: சாதாரணக் கயிறு, இழுத்து இறுக்கும் விரைவுக் கயிறு, குமிழைத் திருகி மெல்லிய கம்பியை இறுக்கும் போவா. எது மேல் என்ற வாதத்துக்கு முடிவில்லை. விறைத்த விரல்களால் லிஃப்ட் வரிசையில் இறுக்க முடிகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பைண்டிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடித்தட்டு, முதுகுப்பட்டை, கணுக்கால் வார், விரல் வார் என்று நான்கு பாகங்கள். பூட்ஸின் அளவுக்குப் பொருந்தும் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற வரிசையில் ஒன்றை எடுத்து, வாங்கிய பூட்ஸை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். பூட்ஸ் அதில் பக்கவாட்டில் அசையக் கூடாது. திருகாணித் துளைகளின் அமைப்பு பலகைக்குப் பலகை மாறுகிறது. பெரும்பாலான பலகைகளில் நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் துளைகள் வரும். பர்ட்டன் பலகைகளில் துளைகளுக்குப் பதிலாக நடுவே நீண்ட பள்ளம் ஒன்று ஓடும். ஒன்றுக்குரியது இன்னொன்றில் பொருந்துமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வார் இல்லாமல் மிதித்தவுடன் பூட்டிக்கொள்ளும் வகையும் வந்துவிட்டது. குனிந்து வார் கட்டச் சிரமப்படுகிறவர்களுக்கு அது வரம்தான். ஆனால் அதற்கென்று செய்த பூட்ஸே வேண்டும் என்பதால் பூட்ஸ் தேர்வு சுருங்கிவிடுகிறது. முதல் முறை வாங்குகிறவருக்குப் பூட்ஸில் கை வைக்கும் எந்த வசதியும் சந்தேகத்துக்குரியது.

இனி பலகை. அதற்கு முன் எந்த மலை என்ற கேள்வி இருக்கிறது. இதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. கனடாவின் தெற்கு ஒன்டாரியோவை எடுத்துக்கொள்வோம். டொராண்டோவைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியின் குளிர்காலச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகச் சறுக்குமலையைப் பார்க்கிறார்கள். அங்கே பெயர்பெற்றது காலிங்வுட் பக்கத்திலுள்ள புளூ மவுன்டன். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 220 மீட்டர். நகரத்துக்கு நெருக்கமாக, மில்டனில் இருக்கும் கிளென் ஈடன் 100 மீட்டரைக்கூடத் தொடாது. வானம் தரும் பனி போதாமல், குழல் இயந்திரங்கள் இரவெல்லாம் நீரைத் துளித்துளியாகத் தூவி உறையவைக்கின்றன. இயற்கைப் பனிச்செதில் கிளைகிளையாக விரிந்திருக்கும். இடையில் காற்று இருப்பதால் மெத்தென்றிருக்கும். இயந்திரப் பனியோ நுண்ணிய உருண்டை மணிகள். நெருங்கி அமுங்கிக் கெட்டிப்படும். பகலில் கொஞ்சம் இளகி இரவில் உறைந்தால் காலையில் அது பளிங்குத் தரை. மாலைக்குள் ஆயிரம் பேர் சுரண்டிவிட்டுப் போன சரிவில், தெருவிளக்குகளைப் போல உயர்ந்த கம்பங்களின் வெளிச்சத்தில், வேலை முடிந்து வந்தவர்கள் சறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

பலகை விளம்பரங்கள் காட்டுவது இந்த மலையை அல்ல. அவற்றில் இடுப்பளவு தூள்பனி பறக்கும். இடம் பிரிட்டிஷ் கொலம்பியாவாகவோ ஜப்பானின் ஹொக்கைடோவாகவோ இருக்கும். அகன்ற மூக்கும் ஒடுங்கிய வாலும் பின்னுக்குத் தள்ளிய நிலையும் கொண்ட தூள்பனிப் பலகைகள் அந்த இடங்களில் மிதப்பதற்காகச் செய்யப்பட்டவை. போகாத மலைக்காகப் பலகை வாங்குவது இந்தச் சந்தையில் புதுமை அல்ல. சொல்லப்போனால் சந்தையின் ஒரு பகுதி அதை நம்பித்தான் ஓடுகிறது. சனிக்கிழமை மில்டனுக்குப் போகிறவர் வாங்க வேண்டியது மில்டனுக்கான பலகை.

பலகையின் வளைவுதான் இங்கே முதல் விஷயம். தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி, இரு முனைகளுக்கு அருகே மட்டும் தொடுவது கேம்பர். ஆள் ஏறி நின்றதும் நடு அமுங்கி, விளிம்பு முழு நீளத்துக்கும் பனியில் பதியும். உறைந்த சரிவில் பிடி கிடைக்கும். அதே பிடிதான் கற்றுக்கொள்கிறவரைத் தூக்கியும் எறியும். கவனம் தவறி, சரிவின் கீழ்ப்பக்க விளிம்பு ஒரு கணம் பனியில் மாட்டினால், பலகை நின்றுவிடும், உடம்பு நிற்காது. முன்னே என்றால் கைகள் ஊன்றும். பின்னே என்றால் பிடரி. ராக்கர் இதற்கு நேர்மாறு: நடு தரையைத் தொட, முனைகள் மேலே எழும்பியிருக்கும். விளிம்பு அவ்வளவாக மாட்டாது, திருப்புவதும் எளிது. ஆனால் பனிக்கட்டியின் மேல் சோப்புக்கட்டி. இரண்டையும் கலந்த வகைகளே இப்போது அதிகம். கால்களுக்கடியில் கேம்பர், முனைகளில் மட்டும் லேசான எழுச்சி என்ற கலப்பு ஒன்டாரியோவுக்குப் பொருத்தமானது. முழு ராக்கரைத் தொடக்கக்காரரின் பலகை என்று தள்ளிவிடும் கடைகள், தங்கள் வாசலுக்கு வெளியே உள்ள பனியைப் பார்ப்பதில்லை. விளிம்பை நேராக விடாமல் அலையலையாக வெட்டிப் பிடியைக் கூட்டும் உத்தியும் உண்டு. லிப் டெக், நு நிறுவனங்களின் பலகைகளில் அதைப் பார்க்கலாம்.

நீளத்துக்கு இன்னும் பழைய கணக்கொன்று புழங்குகிறது: பலகையை நிறுத்தினால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும் என்பது. பலகைக்கு ஆளின் உயரம் தெரியாது. அது தாங்குவது எடையை. ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோவரை என்று தயாரிப்பாளரே அட்டவணை தருகிறார். 70 கிலோ ஆணுக்குப் பொதுவாக 155 சென்டிமீட்டரை ஒட்டி வரும்; 55 கிலோ பெண்ணுக்கு 145ஐ ஒட்டி. இடையில் விழுந்தால் பழகுகிறவர் குட்டையானதை எடுக்கலாம், திருப்ப எளிது. கடைகளில் உயரத்தைக் கேட்கிற அளவுக்கு எடையைக் கேட்பதில்லை. கேட்டாலும் வாங்குகிறவர் ஐந்தாறு கிலோ குறைத்துச் சொல்வதுண்டு. பனிச்சட்டையும் பூட்ஸும் சேர்த்துச் சரிவில் நிற்கும்போது அந்தப் பொய்யின் பலன் தெரியும்.

அகலத்தைத் தீர்மானிப்பது பூட்ஸ். அதனால்தான் பூட்ஸை முன்பே வாங்கியிருக்க வேண்டும். பூட்ஸின் விரல் முனையும் குதிகாலும் பலகையின் ஓரத்தைத் தாண்டி இருபுறமும் சமமாக, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் போனால், பலகை சாயும்போது பூட்ஸ் பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிடும். அகலம் அதிகமானாலோ சின்னக் கால் விளிம்பை அழுத்த முடியாமல் திணறும். அமெரிக்க அளவில் 10.5, 11க்கு மேற்பட்ட ஆண்களுக்கு அகலப் பலகைகள் தனியாக வருகின்றன. பெண்களுக்கான பலகை என்பதும் வெறும் வண்ண மாற்றம் அல்ல. இடை ஒடுங்கியது, வளைவதும் இலகு. சின்னக் காலும் குறைந்த எடையும் உள்ள ஆண் அதையே எடுத்தாலும் தவறில்லை, வெட்கத்தை விட்டால்.

விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணிடுகிறார்கள். இந்த எண்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 3 ஆக இருக்கலாம். பலகையைச் சாய்த்து வைத்து நடுவில் உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. மெதுவாகப் போகும்போதும் வளைந்து கொடுப்பது முதல் பலகைக்கு ஏற்றது. அடித்தளம் இரண்டு வகை. பாலிஎத்திலீனை உருக்கிப் பிழிந்து செய்தது மலிவு, மெழுகு பூசாவிட்டாலும் சமாளிக்கும். தூளை வெப்பத்தில் அழுத்திச் செய்தது வேகமானது, ஆனால் நுண்துளைகளில் மெழுகு தொடர்ந்து போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு போடுவதே பெரிய விஷயம் என்பவருக்கு முதல் வகையே உத்தமம். விலையுயர்ந்த தளத்தைக் காயப்போட்டால் அது மலிவானதைவிட மெதுவாகத்தான் போகும்.

எந்தக் கால் முன்னால் என்பதை உடம்பு ஏற்கெனவே தீர்மானித்திருக்கும். இடக்கால் முன்னால் வந்தால் 'ரெகுலர்', வலக்கால் வந்தால் 'கூஃபி'. எழுதும் கையோ கிரிக்கெட் மட்டை பிடிக்கும் பக்கமோ இதைச் சொல்லிவிடாது. காலுறையோடு வழவழப்பான தரையில் ஓடிவந்து சறுக்கினால் எந்தக் கால் முன்னே போகிறதோ அதுதான். சென்னைக்கருகே கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகியவருக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம். தொடக்கத்தில் முன்கால் வெளிநோக்கி 15 பாகையும் பின்கால் எதிர்ப்புறம் 6 முதல் 9 பாகைவரையும் வைத்து, தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கால்களை விரித்து நிற்கலாம். முழங்கால் வலித்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். திருகாணி எதற்கு இருக்கிறது?

பாதுகாப்புச் சாமான்களில் ஹெல்மெட்டை இப்போது யாரும் விவாதிப்பதில்லை. ஈஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்ற தர முத்திரை உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். ஆனால் மணிக்கட்டுக் காப்பை ஏனோ யாரும் மதிப்பதில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டுதான். இரண்டு காலும் பூட்டியிருக்க, விழுகிற உடம்பு கையைத்தான் நீட்டும். நார்வேயில் 5,029 ஸ்னோபோர்டுக்காரர்களை இரு குழுவாகப் பிரித்து நடத்தி, 2001இல் வெளியான ஆய்வில், காப்பு அணிந்த குழுவில் மணிக்கட்டில் காயம்பட்டவர்கள் 8 பேர், அணியாத குழுவில் 29 பேர். கைக்குள் அடங்கும் விலையில் இவ்வளவு பலன் தரும் சாமான் இந்தக் கடையில் வேறில்லை. கால்சட்டைக்குள் அணியும் பஞ்சு வைத்த அரைக்கால் உறையும் முதல் வாரத்தில் பெருந்துணை; தொடக்கக்காரர் நாளின் பாதியை உட்கார்ந்த நிலையில் கழிக்கிறார்.

உடைக்குப் பெரிய விதிகள் இல்லை. பருத்தி மட்டும் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு லிஃப்டில் உட்காரும்போது குளிரவைக்கும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, நடுவே ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத சட்டையும் கால்சட்டையும். நீர்த்தடுப்பு 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் போதும். பனியில் உட்காரும் கால்சட்டைக்கு இது சட்டையைவிட முக்கியம். காகிள்ஸ் கண்ணாடியில் கறுப்பு அழகாக இருக்கும், ஆனால் ஒன்டாரியோவின் மேகமூட்டத்திலும் இரவு விளக்கிலும் அது கண்ணைக் கட்டிவிடும். ஒளியில் பாதியையாவது உள்ளே விடும் வெளிர்நிறக் கண்ணாடியே அங்கே பயன்படும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பூட்ஸ், ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு மூன்றையும் சொந்தமாக வாங்கி, பலகையையும் பைண்டிங்கையும் ஒரு பருவம் வாடகைக்கு எடுக்கலாம். பல கடைகள் நவம்பரில் தொடங்கிப் பருவம் முழுக்க வாடகைக்குத் தருகின்றன. பழைய பலகை வாங்குவதிலும் குறை இல்லை. அடித்தளத்தில் மரம் தெரியும் ஆழமான வெட்டு, விளிம்பில் முறிவு, மேல்தகடு பிரிந்து உப்பிய இடம் இந்த மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேற்புறக் கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம், பேரம் பேச உதவும். பழைய பூட்ஸ் வேண்டாம். அது இன்னொருவர் காலின் வடிவத்தில் இருக்கும். பழைய ஹெல்மெட்டும் வேண்டாம்; எதில் மோதியது என்று அது சொல்லாது.

வீட்டுக்கு வந்ததும் விளிம்பை உலரத் துடைத்து, பூட்ஸின் உள் உறையை வெளியே எடுத்துக் காயவைத்தால் பராமரிப்பில் பெரும்பகுதி முடிந்தது. சில நாள் சறுக்கியதும் பைண்டிங் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பருவ முடிவில் விளிம்பைத் தீட்டி, அடித்தளத்தில் சூடான மெழுகைச் சுரண்டாமல் விட்டு, வெயில் படாத இடத்தில் வைத்துவிடலாம்.

மார்ச் கடைசியில் கடைகள் பலகைகளின் விலையைச் சரமாரியாகக் குறைக்கும். படம் மாறும் அடுத்த ஆண்டுப் பலகைக்கும் இந்த ஆண்டுப் பலகைக்கும் பல சமயம் வேறு வித்தியாசம் இருக்காது, அப்போது வாங்குங்கள். பூட்ஸுக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். பருவ முடிவில் மிஞ்சுவது மற்றவர்களின் காலுக்குப் பொருந்தாத அளவுகள். நவம்பரில், எல்லா அளவும் பெட்டியில் இருக்கும்போதே, முழு விலை கொடுத்து வாங்கிவிடுங்கள்.